தோட்டத்து குளத்துல நிக்கிற சின்ன படகு, ஐப்பசி மழைல முங்காம எப்படி வைக்கிறது?

தாண்டிக்குடி_மிளகு:

வணக்கம் நண்பர்களே. கீழ்ப்பழனி மலைல தாண்டிக்குடிக்கு கொஞ்சம் தள்ளி என் மாமனாருக்கு காப்பித் தோட்டம் இருக்கு, அதுக்குள்ள ஒரு குளம், அரை ஏக்கருக்கு கொஞ்சம் கூடவே வரும். மாசி பங்குனில காப்பி பூக்குற நேரத்துல மழை ஏமாத்துச்சுன்னா ஸ்பிரிங்க்ளர் ஓட்டுறதுக்கு அந்த தண்ணிதான். குளத்துல 12 அடில ஒரு ஃபைபர் துடுப்பு படகு நிக்குது, இஞ்சின் கிடையாது. பொழுதுபோக்குக்கு வச்சதில்ல, பம்போட உறிஞ்சு குழாய் அடில இருக்குற ஃபுட்வால்வுல பாசியும் இலையும் அடைச்சா நடுக்குளத்துக்கு போய் எடுத்து விடணும், ஆகாயத்தாமரை பரவுனா அள்ளணும், படகு இல்லாம அந்த வேலை எதுவும் ஆகாது.

இப்ப கேள்வி மழையப் பத்தி. எங்க பக்கம் தென்மேற்கு பருவத்துல சாரல்தான், ஐப்பசி கார்த்திகைலதான் கொட்டும். நான் வார நாள்ல திண்டுக்கல்ல வேலைல இருக்கேன், சனிக்கிழமை மேல போவேன், மழை பிடிச்சு ரோட்டுல மரமோ மண்ணோ விழுந்துட்டா அதுவும் முடியாது. தோட்டத்துல இருக்குற வாட்ச்மேன் தாத்தாவுக்கு எழுபது வயசுக்கு மேல, ராத்திரி கொட்டுற மழைல போய் படகுல தண்ணி இறைங்கன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல, சொல்லவும் மாட்டேன். அதனால ஒரு வாரம் யாரும் கிட்ட போகாட்டியும் படகு மிதந்துட்டு நிக்கணும், அதுதான் எனக்கு வேணும்.

கரைக்கு ஏத்தி வைக்கலாம்னா கரை பூரா கல்லு பதிச்சு செங்குத்தா இருக்கு, ரெண்டு பேரால தூக்க முடியாது. இப்போதைக்கு மேல தார்ப்பாய விரிச்சு நாலு பக்கமும் கட்டியிருக்கோம், நடுவுல தண்ணி தேங்கி தொங்குது, ஓரத்துல உள்ள வழியுது. சில்வர் ஓக் இலை வேற மேல விழுந்து மக்குது. பேட்டரில ஓடுற பம்ப் வைக்கலாமா, இல்ல தார்ப்பாயவே ஒழுங்கா கட்டுனா போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, புரட்டாசிக்குள்ள முடிச்சிடணும்னு பாக்குறேன்.

நாயுடுபுரம்_வாசி:

சார், நான் கொடைக்கானல்தான். மொதல்ல ஒரு கேள்வி, படக தண்ணிய விட்டு எடுக்கவே முடியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? ஏன்னா மழைக்கு படகுக்கு இருக்குற ஒரே முழுசான பாதுகாப்பு கரைல கவுத்து போடுறதுதான், மத்ததெல்லாம் அதுக்கு அடுத்ததுதான். கல்லு பதிச்ச கரையா இருந்தா ஒரு இடத்துல மட்டும் ரெண்டு யூகலிப்டஸ் கட்டைய தண்ணிக்குள்ள இருந்து மேல வரைக்கும் சரிவா தண்டவாளம் கணக்கா போட்டு, கல்லோட சேத்து இறுக்கி, மேல ஒரு நல்ல மரத்துல செயின் பிளாக்கோ கை வின்ச்சோ மாட்டுனா ஒருத்தரே மெதுவா இழுத்துடலாம். 12 அடி ஃபைபர் படகு 100 கிலோ சொச்சம்தான் இருக்கும், தூக்கத்தான் கஷ்டம், இழுக்க கஷ்டமில்ல. கட்டைக்கு மேல பழைய பிவிசி பைப்ப நெடுக்க வெட்டி கவுத்து ஆணி அடிச்சுட்டா வழுக்கிட்டு வரும், ஃபைபரும் தேயாது.

அது இந்த சீசனுக்குள்ள ஆகாதுன்னா தார்ப்பாய்க்கு வாங்க. நீங்க கட்டியிருக்குற விதம்தான் பிரச்சனை. தட்டையா கட்டுனா எவ்வளவு இறுக்கினாலும் மழைல தொய்யும், தொய்ஞ்ச இடத்துல தண்ணி நிக்கும், அந்த கனம் இன்னும் தொய்ய வைக்கும். கடைசில தார்ப்பாய் கிழிஞ்சோ கயிறு நழுவியோ அத்தனை தண்ணியும் ஒரே நேரத்துல படகுக்குள்ள இறங்கும், அது மழை கொஞ்சம் கொஞ்சமா நிரப்புறத விட மோசம். நடுவுல முதுகெலும்பு ஒண்ணு வேணும். முன்ன இருந்து பின்ன வரைக்கும் ஒரு மூங்கில், படகு விளிம்புல இருந்து ரெண்டு அடி உசரத்துல, அதுல இருந்து ரெண்டு பக்கமும் கூரையா சரியணும். நாலு இடத்துல பிவிசி பைப்ப வில்லா வளைச்சு விளிம்புல சொருகிட்டா தார்ப்பாய்க்கு நல்ல வடிவம் கிடைக்கும். சாதா நீல தார்ப்பாய் மலை வெயிலுக்கு ஒரு வருஷம் கூட தாங்காது, சில்பாலின்னு வர்ற பிளாஸ்டிக் தார்ப்பாய் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) மேல வாங்குங்க.

முக்கியமா ஒண்ணு, தார்ப்பாயோட ஓரம் படகு விளிம்புக்கு வெளிய ஒரு சாண் கீழ தொங்கணும். நிறைய பேர் விளிம்புக்கு உள்பக்கம் இருக்குற வளையத்துல கட்டுவாங்க, அப்ப கூரைல விழுற தண்ணி அவ்வளவும் நேரா படகுக்குள்ளதான் போகும். கயிற படகுக்கு அடி வழியா கொண்டு போய் மறுபக்கம் கட்டுங்க. முன்னயும் பின்னயும் கொஞ்சம் திறப்பு விடுங்க, காத்து உள்ள போய் வெளிய வரணும், இல்லன்னா உள்ள பூஞ்சை பிடிச்சு சீட்டு பலகை எல்லாம் போயிடும். காத்துன்னதும் சொல்றேன், 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப இந்த மலைல எவ்வளவு மரம் சாஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். புயல் எச்சரிக்கை வந்தா தார்ப்பாய இன்னொரு சுத்து கயிறு போட்டு இறுக்குங்க, படகுக்கு மேல கிளை நீட்டிட்டு இருக்குற மரம் இருந்தா படக அங்க இருந்து நகத்திருங்க.

குரங்கு இருக்குற தோட்டமா? சில்பாலின பிய்க்குறதுல அதுங்களுக்கு என்ன சந்தோஷமோ தெரியல. படகுக்குள்ள சாப்பாட்டு வாசம் எதுவும் இல்லாம கழுவி வைங்க, பாதி தொல்லை குறையும்.

மதுரை_மைனர்:

பம்ப், பேட்டரி எதுக்கு செலவு பண்றீங்க பிரதர், ஒரு கார்டன் ஹோஸ்ல தண்ணி நிரப்பி ஒரு முனைய படகுக்குள்ள போட்டு இன்னொரு முனைய குளத்துக்குள்ள விட்டா சைஃபன் ஆகி தானா தண்ணி வெளிய போயிட்டே இருக்குமே, கரண்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மீன் தொட்டிக்கு நான் அப்படித்தான் பண்றேன்.

முத்துநகர்_வள்ளம்:

தம்பி, சைஃபன மட்டும் தயவு செஞ்சு செஞ்சிராதிய. மீன் தொட்டி மேசை மேல இருக்கு, தண்ணி கீழ இருக்குற வாளிக்கு இறங்குது, அது சரி. படகு மிதக்கும்போது உள்ள கெடக்குற தண்ணியோட மட்டம் வெளிய இருக்குற குளத்து மட்டத்த விட கீழதான் இருக்கும், படகோட எடைய வெளித்தண்ணிதான தூக்கி நிறுத்துது. ஹோஸ ரெண்டு பக்கமும் முக்கி விட்டா குளத்து தண்ணிதான் படகுக்குள்ள வரும், நீங்களே ஒரு குழாய் போட்டு படக முக்குன கணக்கு. விடியுறதுக்குள்ள படகு அடில கெடக்கும். இதே காரணத்துனாலதான் பம்ப் வச்சாலும் அதோட வெளிக்குழாய் முனை தண்ணி மட்டத்துக்கு மேல நல்லா உசரத்துல இருக்கணும். தண்ணிக்குள்ள முங்குன மாதிரி விட்டா பம்ப் நின்ன பெறவு அதே குழாய் வழியா தண்ணி திரும்ப உள்ள ஏறும். படகு மழைத்தண்ணில கொஞ்சம் இறங்குனாலும் அந்த முனை முங்கக் கூடாது, அந்தக் கணக்குல உசரம் வையுங்க.

நான் தூத்துக்குடிக்காரன், ஃபைபர் வள்ளம் வேலைல ரொம்ப வருசமா இருக்கேன், மலைக்குளம் எனக்கு பழக்கமில்ல ஆனா படகு எங்க நின்னாலும் படகுதான. அண்ணாச்சி, நீங்க மழைத்தண்ணிய வெறும் கனம்னு மட்டும் நினைக்காதிய. 300 கிலோ மூட்டைய படகுல அடுக்கி கட்டுனா படகு கீழ இறங்கும், அவ்வளவுதான், நிலையா நிக்கும். அதே 300 கிலோ தண்ணியா இருந்தா, ஒரு தட்டு நிறைய தண்ணிய ஏந்திக்கிட்டு நடக்கும்போது ஒரு பக்கம் சரிஞ்சா மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும் பாருங்க, அப்படித்தான் படகுலயும். காத்துல லேசா சாஞ்சா தண்ணி முழுக்க சாஞ்ச பக்கம் போய் நின்னு இன்னும் சாய்க்கும், விளிம்பு முங்கும், முடிஞ்சது. முழுசா நிரம்பித்தான் படகு முங்கும்னு இல்ல, பாதி நிரம்புறதுக்கு முன்னாலயே கவுந்துரும்.

அடுத்தது கயிறு. ஒரே கயித்துல கரையோட ஒட்டக் கட்டி வச்சிருக்கியளா? குளம் ஏறும்போது கட்டு தண்ணிக்கடியில போயிரும், கயிறு நீளம் பத்தாம அணியத்த, அதான் படகோட முன்பக்கத்த, கீழ இழுத்துப் பிடிக்கும், மழைல முங்காத படகக் கூட அது முக்கிரும். ரெண்டு கயிறு போடுங்க, முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு, ஒவ்வொண்ணும் தண்ணி ஏறக்கூடிய உசரத்தப் போல மூணு மடங்காவது நீளம் இருக்கணும், கட்டுற இடம் கரைக்கு மேல நல்ல உசரத்துல இருக்கணும். கயிறு வழியா தண்ணி ஓடி வந்து தார்ப்பாய்க்கு உள்ள சொட்டும், அதனால படகுக்கு வர்றதுக்கு முன்னால கயிறு ஒரு இடத்துல கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க, தொங்குற இடத்துலயே சொட்டி விழுந்துரும்.

உள்ள தண்ணி நிக்க விடக்கூடாதுங்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஃபைபர் படகுக்கு வெளிப்பக்கம்தான் ஜெல்கோட்னு தண்ணிய தடுக்குற வழவழ பூச்சு இருக்கும், உள்பக்கம் பல படகுல வெறும் பெயிண்ட்தான். நல்ல தண்ணி உப்புத்தண்ணிய விட சீக்கிரமா ஃபைபருக்குள்ள ஊறும், கொப்புளம் விடும். மாசக்கணக்குல மழைத்தண்ணி நின்ன படகு பாக்க நல்லாத்தான் இருக்கும், கனம் கூடிப்போயிருக்கும்.

கோத்தகிரி_கரண்ட்:

வணக்கமுங்க. நான் கோத்தகிரில எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன், ரெண்டு மூணு எஸ்டேட் குளத்துல இந்த மாதிரி பம்ப் மாட்டிக் குடுத்திருக்கேன். கணக்கு ஒண்ணு போட்டுக்கலாம், அப்பத்தான் எது தேவைன்னு தெரியும். 1 மில்லி மழை 1 சதுர மீட்டர்ல விழுந்தா 1 லிட்டர். உங்க 12 அடி படகோட வாய் சுமாரா மூன்றரை சதுர மீட்டர் வரும். வானிலை ஆபீஸ் கனமழைன்னு சொன்னா 24 மணி நேரத்துல 64.5 மில்லில இருந்து 115.5 வரைக்கும், மிக கனமழைன்னா 204.4 வரைக்கும், அதுக்கு மேல போனா அதி கனமழை. மூடாத படகுல 100 மில்லி விழுந்தா 350 லிட்டர், 350 கிலோ, பெரியவங்க அஞ்சு பேர் ஏறி உக்காந்த பாரம். படகு கிட்டத்தட்ட 10 செ.மீ, அதுக்கு மேலயும் இறங்கிரும். 200 மில்லின்னா அதுல ரெண்டு மடங்கு, விளிம்பே தண்ணிக்கு கிட்ட வந்துரும். எங்க நீலகிரி மாவட்டத்துல 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 800 மில்லிக்கு மேல பேஞ்சது, அந்த மழைல உங்க படகு ரெண்டு தடவ நிரம்பியிருக்கும். அது அபூர்வம்தான், ஆனா மலைல ஒரு நாள்ல 150, 200 பெய்யுறது அபூர்வமில்லைங்க.

இப்ப பம்ப். பில்ஜ் பம்ப்னு கேளுங்க, படகு அடில சேர்ற தண்ணிய வெளிய தள்ளுறது, 12 வோல்ட், டப்பால 500 கேலன்னு போட்டிருக்கும். அது அமெரிக்க கேலன், மணிக்கு 1900 லிட்டர் கணக்கு வரும், ஆனா குழாய் மேல ஏறி வளைஞ்சு போகும்போது அதுல மூணுல ரெண்டு பங்கு கெடச்சாலே நல்லது. அப்படிப் பாத்தாலும் 350 லிட்டர 20 நிமிஷத்துக்குள்ள வெளிய தள்ளிரும். கரண்ட் 2 ஆம்ப் போல இழுக்கும், 20 நிமிஷத்துக்கு ஒரு ஆம்ப் ஹவர் கூட ஆகாது. 26 ஆம்ப் ஹவர் பேட்டரி வச்சீங்கன்னா பாதிக்கு கீழ இறக்காம பத்து நாள் அடைமழையக் கூட சமாளிக்கும். அதனால பேட்டரி பத்தாதுங்கற பயம் தேவையில்லீங்க.

பேட்டரிய காலி பண்றது மழை இல்ல, இலை. தண்ணி ஏறுனா மிதந்து பம்ப ஓட விடுற ஃப்ளோட் சுவிட்ச்சுக்கு அடில ஒரு சில்வர் ஓக் இலையோ குச்சியோ மாட்டுச்சுன்னா ஃப்ளோட் மேலயே நின்னுடும், தண்ணி இல்லாமயே பம்ப் ஓடிக்கிட்டு இருக்கும், ஒரே நாள்ல பேட்டரி செத்துப் போகும், அதுக்கப்புறம் வர்ற மழைக்கு ஒண்ணும் இருக்காது. அதனால பம்பையும் ஃப்ளோட்டையும் சேத்து ஒரு கூடை வச்சு மூடணும், கொசுவலை வேண்டாம் அது சீக்கிரம் அடைச்சிடும், காய்கறி கழுவுற பிளாஸ்டிக் கூடை போதும், அதக் கவுத்து ஓரத்த ஒட்டி வைங்க. ஃப்ளோட் சுவிட்ச்ச பேட்டரில இருந்து நேரா எடுங்க, நடுவுல ஃபியூஸ் மட்டும் இருக்கணும், வேற ஆன் ஆஃப் சுவிட்ச் வச்சா யாராவது ஒரு நாள் அத அணைச்சுட்டு போயிருவாங்க. ஜாயிண்ட் எல்லாத்துக்கும் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி இறுக்குற உறை) போட்டு உசரத்துல கட்டுங்க.

சோலார் 20 வாட் பேனல் ஒண்ணு போட்டா நல்லது, வெயில் நாள்ல 5 ஆம்ப் ஹவர் வரைக்கும் ஏத்திரும். மூடுபனி அடைச்ச வாரத்துல அதுல பத்துல ஒரு பங்குதான் எதிர்பாக்கணும். அதனால பேனல நம்பி சின்ன பேட்டரி வாங்காதீங்க, பெரிய பேட்டரி வாங்கி பேனல துணைக்கு வச்சுக்கங்க. பேனல படகு மேல வைக்காம கரைல வெயில் படுற இடத்துல வச்சு ஒயர் இழுக்கலாம்னு தோணும், படகு ஆடுறப்ப ஒயர் அறுந்துரும், கூரை மூங்கில் மேலயே கட்டுங்க.

தாண்டிக்குடி_மிளகு:

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. நாயுடுபுரம் சார் சொன்ன கட்டை சரிவு யோசனை பிடிச்சிருக்கு, மாமனார்கிட்ட பேசிட்டேன், ஆனா குளம் நிறைய இருக்கும்போது கரைல வேலை செய்ய முடியாது, கோடைல தண்ணி இறங்குனப்புறம்தான் ஆகும். அதனால இந்த வருஷத்துக்கு கூரை போட்ட தார்ப்பாய், உள்ள பம்ப், ரெண்டும் செய்யுறேன்.

ரெண்டு சந்தேகம். பம்ப் எந்த இடத்துல வைக்கணும், முன்னயா பின்னயா? இப்ப படகு சமமா நிக்குது, தண்ணி அடில பரவலா நிக்குது, ஓரிடத்துல சேர மாட்டேங்குது. இன்னொண்ணு, மழைல எங்க குளம் ஒரே ராத்திரில மூணு அடி வரைக்கும் ஏறும், மறுகால் (உபரி தண்ணி வெளிய போற வாய்) சின்னது. படகு இப்ப மறுகாலுக்கு பக்கத்துலதான் நிக்குது, ஏன்னா அங்கதான் ஏறி இறங்க படி இருக்கு. அதுல ஏதும் பிரச்சனை உண்டா?

பொறியாளர்_பழனி:

மறுகாலுக்கு பக்கத்துலயா? சார், மத்த எல்லா பேச்சையும் நிறுத்திட்டு மொதல்ல படக அங்க இருந்து எடுங்க, தயவு செஞ்சு. நான் பாசன வேலைல இருந்தவன். மழைல குளம் நிறைஞ்சு மறுகால் பாயும்போது அந்த இடத்துல இழுவை இருக்கும், கயிறு அறுந்துச்சுன்னா படகு நேரா அந்த வாய்க்குத்தான் போகும். 12 அடி படகு குறுக்க நின்னு, அதுல ஆகாயத்தாமரையும் கிளையும் வந்து சேந்துச்சுன்னா மறுகால் அடைபடும், தண்ணி போக வழியில்லாம கரைக்கு மேல ஏறி வழியும். மண்கரைக்கு மேல தண்ணி வழிய ஆரம்பிச்சா கரை அரிச்சு உடையுறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. உங்க குளத்துக்கு கீழ யார் தோட்டம் இருக்கு, யார் வீடு இருக்கு? படகு போனா இன்னொண்ணு வாங்கலாம். மலைச்சரிவுல கரை உடைஞ்சா அந்த தண்ணி போற வேகத்துக்கு மண்ணு, மரம், வீடு எதையும் நிறுத்த முடியாது. 2009 நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிஞ்சு போன உயிர்கள நினைச்சா மலைல மழைத்தண்ணிக்கு வழி மறிக்குற எதையும் நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன்.

மறுகாலுக்கு நேர் எதிர் கரைல, தண்ணி உள்ள வர்ற ஓடை வாய்க்கும் தள்ளி, ஒதுக்கமான மூலை ஒண்ணு இருக்கும், அங்க கட்டுங்க. படி இல்லன்னா ஒரு மரப்படி செஞ்சு போட்டுக்கலாம். மறுகாலுக்கு முன்னால பத்து அடி தள்ளி ரெண்டு மூணு கல்தூண் நட்டு வச்சீங்கன்னா படகோ மரமோ எது மிதந்து வந்தாலும் அங்க நின்னுடும், வாய் அடையாது. அதையும் கோடைலயே செஞ்சுருங்க.

கொடைக்கானல் ஏரிய நினைச்சுப் பாருங்க, 1863ல கட்டுனது, 60 ஏக்கர் பரப்பு, பெரிய மழைலயும் மட்டம் மெதுவாத்தான் ஏறும், உபரி தண்ணி சில்வர் காஸ்கேட் அருவில விழுந்து போயிரும். சின்னக் குளத்துக்கு அந்த வசதி கிடையாது, மேல இருக்குற சரிவு பூராவோட தண்ணியும் அரை ஏக்கர்ல வந்து விழுது, அதனாலதான் ஒரே ராத்திரில மூணு அடி ஏறுது. மறுகால அகலப்படுத்த முடியுமான்னும் ஒரு நல்ல ஆளக் கூட்டி காமிங்க.

நாயுடுபுரம்_வாசி:

இவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. இன்னொண்ணு, கயித்த கரைல தாழ்வா விடாதீங்க, காட்டுமாடு தண்ணி குடிக்க வர்ற குளமா இருந்தா கொம்புல மாட்டி இழுத்துட்டு போயிரும். மரத்துல ஆள் உசரத்துக்கு மேல கட்டுங்க.

தாத்தாவ பத்தி நீங்க எழுதுனது மனசுக்கு நிறைவா இருந்துச்சு. ஐப்பசி மழை வெறும் மழையா வராது, சாயங்காலம் இடியோட வரும். இடி இடிக்கும்போது திறந்த குளத்துல படகு மேல யாரும் நிக்கவே கூடாது, படகு முங்குனாலும் முங்கட்டும்னு அவர்கிட்ட தெளிவா சொல்லி வைங்க. பெரியவங்க பொருள் வீணாகுதேன்னு நாம சொல்லாமயே இறங்கிடுவாங்க.

முத்துநகர்_வள்ளம்:

பம்ப் எங்க வைக்கன்னு கேட்டியள்ல, அதுக்கு வர்றேன். சமமா நிக்குற படகுல தண்ணி எங்கயும் சேராது, நீங்கதான் சேர வைக்கணும். பின்பக்கம் சீட்டுக்கு அடில, நடுவுல, அடிப்பலகை ரொம்ப தாழ்ந்த இடத்துல பம்ப் வையுங்க. பேட்டரியையும் பின்பக்கமே வையுங்க, ஆனா தரைல இல்ல, சீட்டு மேல ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டில வச்சு பெட்டியோட சேத்து கட்டிருங்க. 26 ஆம்ப் ஹவர் பேட்டரி 8, 9 கிலோ இருக்கும். அதோட ரெண்டு மணல் மூட்டையும் பின்ன வச்சா படகு லேசா பின்னால சாஞ்சு நிக்கும், எந்தத் துளியா இருந்தாலும் ஓடி வந்து பம்புகிட்ட சேரும். ரொம்ப சாச்சிராதிய, ரெண்டு விரல் போதும்.

கூரை சரியா போட்டியள்னா பம்புக்கு வேலையே கம்மிதான் இருக்கும். நூத்துல தொண்ணூறு பங்கு தண்ணிய கூரை வெளிய தள்ளணும், ஒழுகி வர்ற மிச்சத்த பம்ப் பாத்துக்கணும். பம்ப் இருக்கேன்னு கூரைய அசட்டையா விட்டா இலையும் உள்ள விழும், கோத்தகிரிக்காரர் சொன்ன கதைதான் நடக்கும்.

மூணாவதா ஒண்ணு, இத யாரும் இன்னும் சொல்லல. கூரையும் பிஞ்சு பம்பும் நின்னா படகு அடிக்கு போகுமா, இல்ல தண்ணி நிறைஞ்சு மிதக்குமா? சீட்டுக்கு அடில மூடுன பெட்டி இருக்கா, அதுக்குள்ள தெர்மோகோலோ ஃபோமோ இருக்கான்னு பாருங்க. தட்டிப் பாருங்க, கனத்த சத்தம் வந்தா உள்ள தண்ணி ஊறியிருக்கு.

தாண்டிக்குடி_மிளகு:

படக நேத்தே நகத்தியாச்சு. மாமனார் ஆள் விட்டு எதிர்க்கரை மூலைல ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டச் சொல்லிட்டாரு, பொறியாளர் சார் எழுதுனத போன்ல படிச்சுக் காமிச்சேன், கீழ இருக்குற வீடுகள நினைச்சு அவரே ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. மறுகால பாக்க ஆளும் சொல்லியிருக்காரு. வாட்ச்மேன் தாத்தாகிட்டயும் பேசிட்டேன், மழை நேரத்துல குளத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு.

முத்துநகர் அண்ணாச்சி, சீட்டுக்கு அடில பெட்டி எதுவும் இல்ல, வெறும் பலகைதான் ரெண்டு பக்கமும் பொருத்தியிருக்கு. அப்ப தண்ணி நிறைஞ்சா நேரா அடிக்குத்தான் போகும் இல்லையா? இதுக்கு என்ன செய்யலாம், ஃபோம் ஊத்தணுமா?

முத்துநகர்_வள்ளம்:

ஃபோம் ஊத்துறது செலவு, சரியா ஊத்தாட்டி அதுவே தண்ணி குடிக்கும். செலவில்லாத வழி இருக்கு. 100 கிலோ ஃபைபர் படகு தண்ணிக்குள்ள முழுசா முங்குனா 40 கிலோ போலத்தான் கனம் காட்டும், ஏன்னா ஃபைபர் தண்ணிய விட ஒன்றரை மடங்குக்கு கொஞ்சம் மேலதான் கனம். பேட்டரி, மணல் மூட்டை எல்லாம் சேத்து 70, 80 கிலோவுக்கு தாங்கல் வேணும்னு வையுங்க. 20 லிட்டர் தண்ணி கேன் காலியா நல்லா மூடுனது ஒண்ணு கிட்டத்தட்ட 19 கிலோவ தூக்கும். ஆறு கேன் வாங்குங்க, பழசு போதும் ஆனா கீறல் இருக்கக் கூடாது, திருகு மூடி உள்ளதா பாத்து வாங்குங்க, அமுக்கி மூடுற மூடி நம்பிக்கையில்ல. மூடிக்கு மேல ஒரு சுத்து டேப்பும் ஒட்டுங்க.

கட்டுற இடம்தான் முக்கியம். நடுவுல அடில போட்டுராதிய, அப்ப படகு நிறைஞ்சதும் தலைகீழா புரண்டுரும். ரெண்டு பக்கமும் மும்மூணா, விளிம்ப ஒட்டி எவ்வளவு உசரத்துல முடியுமோ அவ்வளவு உசரத்துல, சீட்டு பலகைக்கு அடில இறுக்கி கட்டுங்க. கயிறு வெறும் சணலா இருக்கக் கூடாது, நைலான் போடுங்க, கேன் மேல தூக்குற விசைல சணல் அறுந்துரும்.

கட்டி முடிச்ச பெறவு மழைக்கு முன்னால ஒரு வெயில் நாள்ல, கரையோரம் இடுப்பளவு தண்ணில படக நிறுத்தி பேட்டரிய மட்டும் எடுத்துட்டு, அதோட கனத்துக்கு ஒரு கல்ல வச்சு, வாளியால தண்ணிய அள்ளி படகுக்குள்ள நிறைய ஊத்துங்க. விளிம்பு தண்ணி மட்டத்துக்கு வந்த பெறவும் அது நேரா மிதந்து நின்னா சரியா கட்டியிருக்கிய. ஒரு பக்கம் சரிஞ்சா அந்தப் பக்கம் இன்னொரு கேன் சேருங்க. பின்பக்கம் மட்டும் கீழ போச்சுன்னா மணல் மூட்டைல ஒண்ண எடுத்துருங்க. அப்புறம் அந்த தண்ணிய கையால இறைக்காதிய, பேட்டரிய மாட்டி பம்பையே ஓட விட்டு எவ்வளவு நேரத்துல காலியாகுதுன்னும் பாத்துக்கோங்க.